புதுசா சுடக் கத்துக்கிறவங்களுக்கு எந்த .22 ரிவால்வர்? அடிக்கடி வர்ற கேள்விகள்

அமெரிக்காவுல செட்டில் ஆன நம்ம ஆளுங்க நிறைய பேர் இப்ப துப்பாக்கி சுடுற ரேஞ்சுக்குப் போய்ட்டு வர்றாங்க. கொஞ்ச நாள் கழிச்சு வீட்டுக்காரம்மாவுக்கு, காலேஜ் போற பொண்ணுக்கு, கூட வேலை பாக்குற ஃப்ரெண்டுக்குன்னு யாருக்காவது சொல்லிக்கொடுக்கணும்னு வரும்போது எதை வாங்குறதுன்னு குழப்பம் ஆயிடுது. கடையில கேட்டா பாதி நேரம் குட்டியா லேசா ஒண்ணை எடுத்துக் கையில குடுத்துட்டு புதுசுக்கு இதுதான் ஈஸின்னு சொல்லிடுறாங்க. நான் சொல்லப்போறது அதுக்கு நேர் எதிர். கத்துக்கிற துப்பாக்கி நல்லா கனமா இருக்கணும், குழல் நீளமா இருக்கணும், தோட்டா மட்டும் சின்னதா, அதாவது .22 சைஸ்ல இருக்கணும். கீழ சொல்றதெல்லாம் அமெரிக்காவுல கிடைக்கிற சாமான், அமெரிக்கச் சட்டம், டாலர் விலை.

கே: ஏன் .22? எப்படியும் நாளைக்கு 9 எம்எம் தானே சுடப்போறாங்க, நேரா அதுலயே ஆரம்பிச்சா என்ன?

ஆரம்பிக்கலாம், நிறைய பேர் அப்படித்தான் ஆரம்பிக்கிறாங்க, அவங்கள்ல நிறைய பேர் ரெண்டாவது தடவை ரேஞ்சுக்கு வர்றதே இல்ல. முதல் நாள் வெடிச்ச சத்தமும் உதையும் உடம்புக்குள்ள போய் உக்காந்துக்கும், அடுத்த தடவை ட்ரிகரை அமுத்துறதுக்கு முன்னாடியே கை தானா கீழ இறங்கும், கண்ணு மூடிக்கும், அதை அப்புறம் மாத்துறதுக்கு மாசக்கணக்குல ஆகும்.

.22 லாங் ரைஃபிள்ங்கிற தோட்டா 1880கள்லேருந்து இருக்கு. பேருல ரைஃபிள்னு இருந்தாலும் கைத்துப்பாக்கியிலயும் இதேதான். அதுல இருக்கிற குண்டு சாதாரணமா 40 கிரெய்ன், அதாவது சுமார் 2.6 கிராம்தான். 9 எம்எம்ல 115 கிரெய்ன், கிட்டத்தட்ட மூணு மடங்கு. ஒரு கிலோவுக்கு மேல இருக்கிற இரும்பு ரிவால்வர்ல .22 போட்டா உதைன்னு சொல்ற அளவுக்கு ஒண்ணுமே இருக்காது, லேசா ஒரு அசைவு அவ்ளோதான், அதனால சுடுறவங்க மனசு பூரா குறி பாக்குற சைட்டுலயும் விரல்லயும் இருக்கும்.

காசும் ஒரு காரணம்தான். .22 ஒரு ரவுண்டு பத்து சென்ட்டுக்குள்ள கிடைச்சிடும், 9 எம்எம் அதுல ரெண்டு மூணு பங்கு, ரிவால்வர் ஆளுங்க சுடுற .38 ஸ்பெஷல் இன்னும் ஜாஸ்தி. கத்துக்கிறவங்க ஒரு மதியத்துல இருநூறு ரவுண்டு சுட்டாதான் கை பழகும், பக்கத்துல நிக்கிறவர் ஒவ்வொரு வெடிக்கும் மனசுக்குள்ள கணக்குப் போட்டுட்டு இருந்தா பாடம் நடக்காது.

கே: .22லயே நல்ல செமி ஆட்டோ இருக்கே, ரிவால்வர் பழைய காலத்து சாமான் இல்லையா?

இருக்கு, நல்லாவே இருக்கு. ரூகர் மார்க் 4, பிரவுனிங் பக் மார்க், டாரஸ் டிஎக்ஸ் 22 எல்லாமே கத்துக்க நல்ல துப்பாக்கிங்கதான், ஏற்கனவே வீட்டுல அது இருந்தா தனியா ரிவால்வர் வாங்கியே ஆகணும்னு நான் சொல்லமாட்டேன். ஆனா முதல் நாளுக்கு ரிவால்வர்தான் என் கட்சி. ஏன்னா அதுல மறைவா எதுவும் இல்ல. தோட்டா போடுற உருளையான சிலிண்டரைத் திறந்தா தோட்டா இருக்கா இல்லையான்னு கண்ணால பாத்துடலாம். செமி ஆட்டோவுல தோட்டா அடுக்குற மேகசினை உருவிட்டு காலி ஆயிடுச்சுன்னு நினைச்சுப்பாங்க, உள்ள சேம்பர்ல, அதாவது தோட்டா வெடிக்கிற இடத்துல, ஒண்ணு உக்காந்திருக்கும், காலித் துப்பாக்கின்னு நினைச்சுதான் சுட்டேன்னு சொல்ற கதையெல்லாம் பெரும்பாலும் அங்கதான் பொறக்குது.

இன்னொண்ணு, ஒரு ரவுண்டு சுட்டதும் ரிவால்வர் சும்மா நிக்கும், அடுத்தது வெடிக்கணும்னா மனுஷன் ஏதாவது செய்யணும். செமி ஆட்டோ தானா அடுத்ததை ஏத்தி ரெடியா நிக்கும். புதுசா சுடுறவங்க முதல் குண்டு போய் டார்கெட்ல பட்டதும் என்ன பண்ணுவாங்க? சந்தோஷத்துல "பாத்தீங்களா!"ன்னு துப்பாக்கியோட அப்படியே திரும்புவாங்க. இது நடக்கும், கண்டிப்பா நடக்கும், அதுக்குத் தயாரா இருக்கணும். ஸ்லைடை இழுக்க விரல்ல பலம் இல்லாதவங்க, ஆர்த்ரிட்டிஸ் இருக்கிறவங்களுக்கும் ரிவால்வர் சுலபம், அதோட சுட்ட காலித் தோட்டா பறந்து வந்து சட்டைக் காலர்க்குள்ள விழுந்து சூட்டுல குதிக்கிற கூத்தும் இதுல கிடையாது.

கே: சிங்கிள் ஆக்‌ஷன், டபுள் ஆக்‌ஷன்னு சொல்றாங்களே, எது?

சிங்கிள் ஆக்‌ஷன்னா பழைய கௌபாய் ஸ்டைல், ஒவ்வொரு தடவையும் கட்டைவிரலால பின்னாடி இருக்கிற ஹேமரை இழுத்து வெச்சாதான் சுடும், ட்ரிகருக்கு விடுறது மட்டும்தான் வேலை. டபுள் ஆக்‌ஷன்ல ட்ரிகரை நீளமா இழுத்தா அதுவே சிலிண்டரைச் சுத்தி, ஹேமரைத் தூக்கி, விடும். வேணும்னா கையாலயும் ஹேமரை இழுத்து வெச்சு சுடலாம், அதாவது பெரும்பாலான டபுள் ஆக்‌ஷன்ல ரெண்டும் உண்டு.

முதல் நாளுக்கு ஹேமரை இழுத்து வெச்சு சுடுறதுதான் சரி. ட்ரிகர் மூணு நாலு பவுண்டுல விட்டுடும், விரல் தூரமும் குறையும், சின்னக் கை இருக்கிறவங்களுக்கு இது பெரிய வித்தியாசம். டபுள் ஆக்‌ஷன் இழுப்பு பத்து பவுண்டுக்கு மேல கூடப் போகும், .22ல குறிப்பா அதிகம், ஏன்னா இது ரிம்ஃபயர், தோட்டாவோட விளிம்பை நசுக்கினாதான் உள்ள இருக்கிற மருந்து பத்திக்கும், அதுக்கு ஹேமர் நல்லா ஓங்கி அடிக்கணும், அதனால ஸ்பிரிங்கும் கெட்டியா வெச்சிருப்பாங்க. சில பேர் ட்ரிகர் லேசா இருக்கட்டும்னு அந்த ஸ்பிரிங்கை மாத்திடுவாங்க, அப்புறம் பத்துல ரெண்டு வெடிக்காது, தோட்டா கம்பெனியைத் திட்டிட்டு இருப்பாங்க.

ஆனா டபுள் ஆக்‌ஷன் இழுப்புதான் உண்மையான வாத்தியார். அந்த நீள இழுப்புல சைட் ஆடாம வெச்சுக்கத் தெரிஞ்சவங்களுக்கு உலகத்துல எந்த ட்ரிகரும் பயம் இல்ல. அதனால ரெண்டு மூணு தடவை வந்துட்டுப் போறவங்களுக்கு சிங்கிள் ஆக்‌ஷன் போதும், தொடர்ந்து கத்துக்கப்போறாங்கன்னா டபுள் ஆக்‌ஷன் வாங்கி அதுலயே ஹேமரை இழுத்து ஆரம்பிச்சு மெதுவா மாத்திக்கலாம்.

கே: சரி, மாடல் பேர் சொல்லுங்க.

காசு இருந்தா யோசிக்கவே வேணாம், ஸ்மித் அண்ட் வெஸன் 617. ஸ்டெயின்லஸ், பத்து ரவுண்டு, 4 இன்ச் அல்லது 6 இன்ச் குழல். 6 இன்ச் சுமார் 44 அவுன்ஸ், ஒண்ணே கால் கிலோ. இதோட தாத்தா கே 22ங்கிற மாடல் 1931ல வந்தது, அப்பவே போலீஸ்காரங்களும் டார்கெட் ஆளுங்களும் .38 தோட்டா செலவைக் குறைக்க அதே சைஸ் .22 ரிவால்வர் வேணும்னுதான் ஆசைப்பட்டாங்க. இன்னிக்கும் அதே லாஜிக்தான், இதுல கத்துக்கிட்டு .38க்குப் போனா கை மாறின மாதிரியே இருக்காது. விலை புதுசு ஆயிரம் டாலரை ஒட்டி வரும். அதே ரகத்துல ரூகர் ஜிபி 100 .22 இருக்கு, அதுவும் பத்து ரவுண்டு, 5.5 இன்ச் குழல், தடியா உறுதியா இருக்கும். எனக்கு 617 ட்ரிகர்தான் கொஞ்சம் கூடப் பிடிக்கும், ஆனா பல பேருக்கு நடுவுல கை மாறி மாறி முரட்டுத்தனமா பாவிக்கப்போறீங்கன்னா ஜிபி 100 தாங்கும்.

காசு இல்லன்னா ரூகர் ராங்ளர். 2019ல வந்துச்சு, அப்ப கம்பெனி போட்ட விலை 249 டாலர், கடையில அதுக்கும் கீழயே கிடைச்சுது. சிங்கிள் ஆக்‌ஷன், ஆறு ரவுண்டு, 30 அவுன்ஸ், அதாவது 850 கிராம். சைட்டை அட்ஜஸ்ட் பண்ண முடியாது, மேல ஒரு பள்ளம் முன்னாடி ஒரு பிளேடு அவ்ளோதான், ஆனா ஏழு கஜத்துல பேப்பர் பிளேட்டை அடிக்க அது தாராளம். கீழ போட்டாலும் வெடிக்காத மாதிரி டிரான்ஸ்ஃபர் பார் உள்ள இருக்கு, தோட்டா போடுறதுக்குப் பக்கத்துல இருக்கிற சின்னக் கதவைத் திறந்தா சிலிண்டர் தானா ஃப்ரீயா சுத்தும், லோடு பண்ண ஹேமரைத் தொடவே வேணாம். 2023ல சூப்பர் ராங்ளர்னு இரும்பு ஃப்ரேம், அட்ஜஸ்ட் பண்ற சைட்டோட ஒண்ணு விட்டாங்க, விலை கொஞ்சம் கூட, என்னைக் கேட்டா அந்த வித்தியாசத்தைக் குடுத்து இதையே வாங்கலாம்.

ஹெரிடேஜ் ரஃப் ரைடர்தான் இருக்கிறதுலயே மலிவு. சுடும், நல்லாத்தான் சுடும். ஆனா லோடு பண்ணணும்னா ஹேமரைப் பாதி இழுத்து ஹாஃப் காக்ல நிறுத்தணும், முடிச்சதும் அதைத் திரும்ப மெதுவா இறக்கணும், பக்கவாட்டுல தனியா ஒரு சேஃப்டி லீவர் வேற. புதுசா கத்துக்கிறவங்க தலையில முதல் நாளே இவ்ளோ ஏத்தணுமான்னுதான் எனக்கு யோசனை. ரூகர் சிங்கிள் சிக்ஸ் 1953லேருந்து வர்ற நல்ல குதிரை, ஆனா இப்ப விலைக்கு ராங்ளரையோ சூப்பர் ராங்ளரையோ வாங்கிட்டு மிச்சத்துக்குத் தோட்டா வாங்கிடலாம். டாரஸ் 942 டபுள் ஆக்‌ஷன்ல மலிவு, எட்டு ரவுண்டு, குழல் 3 இன்ச் இருக்கிறதைப் பாருங்க, 2 இன்ச் வேணாம்.

கே: 2 இன்ச் ஏன் வேணாம்? என் மனைவிக்குக் கை சின்னது, கைக்கு அடக்கமா இருக்கும்ல?

கடைக்காரரும் இதைச் சொல்லித்தான் விப்பார். ரூகர் எல்சிஆர் .22ஐ எடுத்துக்குங்க, 15 அவுன்ஸ் கூட இல்ல, 420 கிராம் சொச்சம், குழல் 2 இன்ச்சுக்கும் கீழ. முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் நடுவுல தூரம் கம்மியா இருந்தா சின்னக் கைநடுக்கம் கூட டார்கெட்ல பெருசா தெரியும். ஹேமர் உள்ளுக்குள்ள ஒளிஞ்சிருக்கு, அதனால இழுத்து வெச்சு சுடவே முடியாது, கெட்டியான நீள இழுப்பு மட்டும்தான். துப்பாக்கியோட எடையை விட ட்ரிகர் இழுப்பு பல மடங்கு ஜாஸ்தின்னா இழுக்குற விரலே துப்பாக்கியை ஒரு பக்கமா தள்ளிடும். குழல் சின்னதானா சத்தமும் நெருப்பும் முகத்துக்குக் கிட்ட வருது. இத்தனைக்கும் நடுவுல அவங்க அஞ்சு கஜத்துல கூட பேப்பர்ல படாம போய், "எனக்கு இதெல்லாம் வராது"ன்னு முடிவு பண்ணிட்டு காருக்குப் போய் உக்காந்துடுவாங்க. கோளாறு அவங்க கிட்ட இல்லவே இல்ல.

குட்டி ரிவால்வர் நல்லா சுடத் தெரிஞ்சவங்க பையில வெச்சுக்கிற சாமான். கை சின்னதுன்னா கைப்பிடி மெலிசா இருக்கிறதைப் பாருங்க, இல்லாட்டி கிரிப்பை மாத்துங்க, துப்பாக்கியைச் சின்னதாக்காதீங்க. ரொம்ப நேரம் கனமா தூக்கிப் பிடிக்க முடியலையா, டேபிள்ல ஒரு மணல் பையை வெச்சு அது மேல கையை ஊணிக்கிட்டு சுடட்டும், அதுல ஒரு கௌரவக் குறைச்சலும் இல்ல.

கே: .22 மேக்னம்?

வேணாம். சாதாரண .22ஐ விட நீளமா பலமா இருக்கிற தோட்டா அது, சத்தம் அதிகம், காசு அதிகம், கத்துக்கிறதுக்கு அதுல எந்த லாபமும் இல்ல. சில சிங்கிள் ஆக்‌ஷன் ரிவால்வருக்கு ரெண்டு சிலிண்டர் குடுப்பாங்க, ஒண்ணு சாதாரண .22க்கு, இன்னொண்ணு மேக்னத்துக்கு. மேக்னம் சிலிண்டரை வீட்டுலயே வெச்சுட்டுப் போங்க. சாதாரண .22ஐ மேக்னம் சிலிண்டர்ல போட்டா உள்ள லொடலொடன்னு உக்காரும், சுட்டா தோட்டாவோட பித்தளைக் கேஸ் கிழியும்.

கே: தோட்டாவுல எது?

40 கிரெய்ன், ஸ்டாண்டர்ட் வெலாசிட்டின்னு போட்டிருக்கிறது, செகண்டுக்கு 1070 அடி ரகம். ஹைப்பர் வெலாசிட்டி, அது இதுன்னு பளபளன்னு டப்பாவுல வர்றதெல்லாம் சத்தம்தான். ரிவால்வர்ல ஒரு பெரிய சௌகரியம் இருக்கு, செமி ஆட்டோவுக்கு ஸ்லைடைத் தள்ளுறதுக்குன்னு ஒரு அளவு சக்தி வேணும், ரிவால்வருக்கு அந்தக் கவலையே இல்ல. அதனால சிசிஐ கொயட் மாதிரி 710 அடி வேகத்துல போற மெதுவான தோட்டாவைக் கூடப் போடலாம், சத்தத்துக்கு ரொம்பப் பயப்படுறவங்களுக்கு முதல் ஒரு டப்பா அதுல சுடக் குடுங்க, முகமே மாறிடும்.

கே: முதல் நாள் எப்படி ஆரம்பிக்கிறது?

ரேஞ்சுக்குப் போறதுக்கு முன்னாடி வீட்டுல ஆரம்பிங்க, தோட்டா இன்னொரு ரூம்ல இருக்கட்டும். துப்பாக்கிப் பயிற்சி வாத்தியார் ஜெஃப் கூப்பர் எழுதி வெச்ச நாலு விதி இன்னிக்கும் போதும்: எந்தத் துப்பாக்கியும் லோடு ஆனதுன்னே நினைக்கணும், அழிஞ்சா பரவாயில்லன்னு நினைக்காத எதை நோக்கியும் குழலைத் திருப்பக்கூடாது, சைட் டார்கெட் மேல வர்ற வரைக்கும் விரல் ட்ரிகருக்கு வெளிய, டார்கெட் என்ன அதுக்குப் பின்னாடி என்ன இருக்குன்னு தெரிஞ்சிருக்கணும்.

நம்ம ஆளுங்களுக்கு இதுல ஒரு தனிப் பிரச்சினை உண்டு. தீபாவளித் துப்பாக்கியில ரோல் கேப் போட்டு வளர்ந்தவங்க நாம. கையில எடுத்ததுமே விரல் நேரா ட்ரிகர்ல போய் நிக்கும், அடுத்த செகண்ட் தம்பியைப் பாத்து நீட்டுவோம். நாப்பது வயசு சாஃப்ட்வேர் மேனேஜர் கூட முதல் தடவை அதைத்தான் செய்வார், அதுவும் சிரிச்சுக்கிட்டே. திட்டாதீங்க, வீட்டுல காலித் துப்பாக்கியிலயே நூறு தடவை எடுத்து வெக்கச் சொல்லுங்க, விரல் ஃப்ரேம் மேல நீட்டிப் படுத்திருக்கணும்.

பிடிக்கிறதுல ஒண்ணு ரொம்ப முக்கியம். யூட்யூப்ல செமி ஆட்டோவைப் பாத்துட்டு வர்றவங்க ரெண்டு கட்டைவிரலையும் முன்னாடி நீட்டி வெச்சுப்பாங்க. ரிவால்வர்ல சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவுல ஒரு சின்ன சந்து இருக்கு, சுடும்போது அது வழியா சூடான வாயு பக்கவாட்டுல பீறிட்டு வரும். .22ல சுருக்குனு சுடும், பெரிய மேக்னம் ரிவால்வர்ல விரலையே கிழிச்சிடும். அதனால .22லயே பழக்கிடுங்க, எந்த விரலும் சிலிண்டரோட முன் விளிம்பைத் தாண்டக்கூடாது, கட்டைவிரல் ரெண்டும் கீழ மடங்கி ஒண்ணு மேல ஒண்ணு.

ரேஞ்சுல முதல்ல ஒரே ஒரு தோட்டா. ஆறு ஓட்டையில அஞ்சு காலி, சுடவேண்டியதுல மட்டும் ஒண்ணு. சுட்டு முடிச்சு அவங்க திரும்பினாலும் கையில இருக்கிறது வெறும் இரும்பு. 2014 ஆகஸ்ட்ல அரிசோனாவுல 9 வயசுப் பொண்ணு கையில உஸிங்கிற (Uzi) சப்மெஷின் கன்னைக் குடுத்து, முதல்ல ஒவ்வொண்ணா சுட வெச்சுட்டு அப்புறம் ஆட்டோவுக்கு மாத்திட்டாங்க, துப்பாக்கி கையை மீறி மேல ஏறி பக்கத்துல நின்ன வாத்தியாரே இறந்துபோனார். அந்தக் குழந்தை மேல என்ன தப்பு? எதைக் குடுக்கிறோம், எத்தனை போட்டுக் குடுக்கிறோம்ங்கிறது முழுக்க சொல்லிக்கொடுக்கிறவர் பொறுப்பு. ஒண்ணு நல்லா போச்சுன்னா அடுத்து ரெண்டு, அப்புறம் மூணு, அவசரமே இல்ல.

தூரம் அஞ்சு கஜம், ஏழு கஜம் போதும். டார்கெட்டுக்கு வட்டம் போட்ட பேப்பர் வேணாம், சாதா வெள்ளை பேப்பர் பிளேட், நம்பர் இல்லாததால மார்க் பாக்குற டென்ஷன் இல்ல. நீங்க நிக்க வேண்டியது அவங்களுக்குப் பக்கத்துல கொஞ்சம் பின்னாடி, கையை நீட்டினா அவங்க முழங்கையைத் தொடுற தூரம்.

கே: ட்ரிகர் அமுத்தும்போது கண்ணை மூடிக்கிறாங்க, எல்லாம் கீழயே போகுது. என்ன பண்றது?

இதுக்குத்தான் ரிவால்வர் மாதிரி வாத்தியார் கிடையாது. ஆறு ஓட்டையில மூணுல தோட்டா, மூணுல ஏற்கனவே சுட்ட காலிக் கேஸ், கலந்து போட்டு சிலிண்டரைச் சுத்தி மூடி அவங்க கையில குடுங்க. எது வெடிக்கும் எது வெடிக்காதுன்னு அவங்களுக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. காலிக் கேஸ் மேல ஹேமர் விழும்போது வெடிக்காது, ஆனா குழல் முனை மட்டும் சடார்னு கீழ குனியும், அதை அவங்களே கண்ணால பாப்பாங்க. அந்த ஒரு காட்சி நாம அரை மணி நேரம் பேசுறதை விட மேல். பெரும்பாலும் முதல்ல சிரிப்பு வரும், அப்புறம் அடுத்த காலிக்குக் குழல் அசையக்கூடாதுன்னு அவங்களே பிடிவாதமா நிப்பாங்க, அந்தப் பிடிவாதம் வந்துட்டா உங்க வேலை பாதி முடிஞ்சுது.

கூடவே சொல்லவேண்டியது, கண்ணு முன் சைட்டைத்தான் தெளிவா பாக்கணும், டார்கெட் மங்கலா தெரிஞ்சா பரவாயில்ல. இதை நம்ப மாட்டாங்க, நம்புற வரைக்கும் சொல்லிட்டே இருக்கணும்.

கே: அமுத்தினா வெடிக்கல, என்ன செய்யணும்?

.22ல இது சகஜம், விளிம்புல மருந்து சரியா பரவாம இருந்தா அப்படி ஆகும். குழல் டார்கெட்டைப் பாத்தபடியே முப்பது செகண்ட் அப்படியே நிக்கணும். சில சமயம் லேட்டா வெடிக்கும், அபூர்வம்தான், ஆனா அதுக்குள்ள அடுத்ததை அமுத்திட்டா அந்தத் தோட்டா குழலுக்கு நேரா இருக்காது, சிலிண்டர் சுத்திப் பக்கத்துக்குப் போயிருக்கும், அங்க வெடிச்சா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க. முப்பது செகண்ட் கழிச்சு திறந்து எடுத்துடுங்க. இன்னொண்ணு, பொசுக்குன்னு வழக்கத்தை விட ரொம்ப சின்ன சத்தம் கேட்டா உடனே நிறுத்துங்க, குண்டு குழலுக்குள்ளயே மாட்டியிருக்கலாம், இறக்கிக் காலி பண்ணிட்டு குழலுக்குள்ள பாக்காம அடுத்ததை சுடவே கூடாது.

கே: .22தானே, காதுக்கு எதுக்கு அவ்ளோ?

.22 கைத்துப்பாக்கியும் 140 டெசிபலைத் தாண்டும், காது ஒரு தடவை கெட்டா திரும்ப வராது. இன்டோர் ரேஞ்சுன்னா பஞ்சு மாதிரி உள்ள வெக்கிற பிளக், அது மேல காதையே மூடுற மஃப், ரெண்டும். பக்கத்து லேன்ல எவனாவது .44 மேக்னம் சுட்டுட்டு இருப்பான், உங்க ஆள் அதுக்குத்தான் துள்ளுவாங்க, முடிஞ்சா கூட்டம் இல்லாத வார நாள் காலையில கூட்டிட்டுப் போங்க. கண்ணாடி கட்டாயம். ஈயம் பத்தியும் சொல்லணும், குண்டுலயும் இருக்கு, பத்த வைக்கிற மருந்துலயும் இருக்கு, அதனால அங்க எதையும் திங்கக்கூடாது, வெளிய வந்ததும் சோப்பு போட்டுக் கை முகம் கழுவணும், கர்ப்பமா இருக்கிறவங்க ரேஞ்சுக்கே வராம இருக்கிறது நல்லது.

கே: வீட்டுல தோட்டா இல்லாம ட்ரிகர் பழகலாமா?

சில .22ல காலியா அமுத்தினா தோட்டாவை அடிக்கிற ஊசி போய் சேம்பர் விளிம்புல அடிச்சு அங்க பள்ளம் விழும், அப்புறம் தோட்டா உள்ள போகாது. இப்ப வர்ற ரூகர்ல பரவாயில்லன்னு கம்பெனியே சொல்லுது, மத்ததுக்கு மேனுவலைப் பாருங்க. ஹார்ட்வேர் கடையில சுவத்துல ஸ்க்ரூ முடுக்குறதுக்கு முன்னாடி சொருகுற மஞ்சள் பிளாஸ்டிக் ஆங்க்கர் கிடைக்கும்ல, நாலாம் நம்பர் சைஸ், அது .22 சேம்பர்ல கச்சிதமா உக்காரும், நூறு ஒரு பாக்கெட் சில்லறைக் காசுதான். பழகும்போது அது போதும்.

கே: நான் ஹெச்1பியில இருக்கேன், வாங்கலாமா? ஊர்லேருந்து வந்திருக்கிற அப்பாவைக் கூட்டிட்டுப் போகலாமா?

இதை லேசா எடுத்துக்காதீங்க. குடியேறாத விசாவுல, அதாவது ஹெச்1பி, எஃப்1, சுற்றிப்பாக்க வர்ற பி2 மாதிரி விசாவுல வந்தவங்க துப்பாக்கியோ தோட்டாவோ கையில வெச்சிருக்கவே ஃபெடரல் சட்டம் தடை போடுது. வாங்குறது மட்டும் இல்ல, ரேஞ்சுல வாடகைக்கு எடுத்து சுடுறதும் கையில வெச்சிருக்கிற கணக்குதான். விதிவிலக்குகள்ல முக்கியமானது, அமெரிக்காவுல ஏதாவது ஒரு மாநிலம் குடுத்த செல்லுபடியாகுற வேட்டை லைசன்ஸ் இருக்கணும், அது காலாவதி ஆகாம இருக்கணும். கிரீன் கார்டு வந்துட்டா இந்தத் தடை இல்ல. அதுக்கு மேல மாநிலத்துக்கு மாநிலம் வேற வேற, இல்லினாய்ல துப்பாக்கி வெச்சிருக்க மாநிலம் குடுக்கிற தனி கார்டு வேணும், நியூ ஜெர்சியில பர்மிட், கலிஃபோர்னியாவுல எந்த மாடல் விக்கலாம்னே ஒரு லிஸ்ட். விசா நிலைமையில கொஞ்சம் சந்தேகம் இருந்தாலும் வக்கீல் கிட்ட கேட்டுட்டு அப்புறம் போங்க, ஒரு மதியத்து வேடிக்கைக்காக கிரீன் கார்டு ஃபைலைப் பணயம் வெக்காதீங்க.

கே: பசங்களுக்கு எந்த வயசுல?

வயசை விட சொன்னா கேக்குற குணம் முக்கியம். "நில்லு"ன்னா அந்த செகண்டே நிக்கிற பிள்ளையா? இல்லன்னா இன்னும் காலம் இருக்கு. 18க்குக் கீழ இருக்கிறவங்க கைத்துப்பாக்கியைத் தொடணும்னா ஃபெடரல் சட்டப்படி அப்பா அம்மா எழுதிக்குடுத்த அனுமதி, டார்கெட் பயிற்சி மாதிரி காரணம் எல்லாம் வேணும், மாநில விதி தனி. என் அபிப்பிராயத்துல பசங்களுக்கு முதல்ல .22 ரைஃபிள்தான், குழல் நீளமா இருக்கிறதால அதைத் தப்பான பக்கம் திருப்புறது கஷ்டம், திருப்பினாலும் உடனே தெரிஞ்சிடும். ரிவால்வர் அதுக்கு அப்புறம். வீட்டுல எல்லாம் பூட்டித்தான் இருக்கணும், தோட்டா தனியா வேற இடத்துல பூட்டி. பசங்களுக்குத் தெரியாத இடத்துல ஒளிச்சு வெச்சிருக்கேன்னு சொல்றவர் தன் சின்ன வயசுல பீரோ மேல என்ன இருந்துதுன்னு தனக்குத் தெரியுமான்னு யோசிக்கட்டும்.

கே: தமிழ்நாட்டுல இப்படி ரிவால்வர்ல கத்துக்க முடியுமா?

அங்க வழி வேற. ஆயுதச் சட்டம் 1959 படி லைசன்ஸ் இல்லாம .22 ரிவால்வர் வெச்சிருக்க முடியாது, ஆசைக்கு வாங்கிப் பழகுற சாமான் இல்ல. ரைஃபிள் கிளப்ல சேர்ந்தா 10 மீட்டர் ஏர் பிஸ்டல், ஏர் ரைஃபிள்லதான் ஆரம்பிப்பாங்க, உதை இல்ல, வெடிச்சத்தம் இல்ல. உண்மையில அதுதான் இன்னும் நல்ல ஆரம்பம், பாரிஸ் 2024 ஒலிம்பிக்ஸ்ல மனு பாக்கர் வாங்கின ரெண்டு வெண்கலமும் 10 மீட்டர் ஏர் பிஸ்டல்ல வந்ததுதான். அமெரிக்காவுல கூட கராஜ்ல ஒரு ஏர் பிஸ்டல் வெச்சுப் பழகலாம், அக்கம்பக்கம் விதியைப் பாத்துக்குங்க.

கே: .22 அலுத்துடுச்சு, அடுத்து?

நாலு இன்ச் இரும்பு .38 ஸ்பெஷல், அதுல 148 கிரெய்ன் வாட்கட்டர் தோட்டா. தட்டையான மூக்கு, மெதுவான வேகம், பேப்பர்ல பஞ்ச் போட்ட மாதிரி வட்டமா ஓட்டை விழும். .327 ஃபெடரல் ரிவால்வர் இருந்தா அதுல .32 எஸ் அண்ட் டபிள்யூ லாங் போட்டு சுடலாம், .22க்கும் .38க்கும் நடுவுல சரியான படி, ஆனா தோட்டா தேடி அலையணும். உதை ஜாஸ்தியான .357 மேக்னத்தை எடுத்து "இதையும் ஒண்ணு சுட்டுப் பாரு"ன்னு நீட்டுறவர் மட்டும் உங்க பக்கத்துல இருக்கக்கூடாது, அவங்க கை கெட்டுப்போக அந்த ஒண்ணு போதும்.

கே: செகண்ட் ஹேண்ட் வாங்கலாமா? என்ன பாக்கணும்?

தாராளமா, .22 ரிவால்வர் அவ்ளோ சீக்கிரம் தேயாது. முதல்ல கடைக்காரரைக் காலி பண்ணிக் காட்டச் சொல்லுங்க, நீங்களும் ஒரு தடவை பாருங்க. ஹேமரை இழுத்து வெச்ச நிலையில சிலிண்டரை ஆட்டிப் பாருங்க, கொஞ்சம் அசையலாம், லொடலொடன்னு ஆடக்கூடாது. சேம்பர் வாய் விளிம்புல ஊசி அடிச்ச பள்ளம் இருக்கான்னு டார்ச் அடிச்சுப் பாருங்க. சிலிண்டர் வெளிய திறக்கிற மாடல்னா காலிக் கேஸைத் தள்ளுற கம்பி நேரா இருக்கணும், வளைஞ்சிருந்தா சிலிண்டர் சுத்தும்போது ஒரு இடத்துல மட்டும் இறுகும். உள்ள கருப்பா படிஞ்சிருக்கிறதைப் பாத்து பயப்படாதீங்க, .22 அழுக்கான தோட்டா, நூறு இருநூறு சுட்டாலே தோட்டா உள்ள போக மறுக்கும், பிரஷ் போட்டுத் தேச்சா போயிடும்.

பழைய ரூகர் சிங்கிள் சிக்ஸ் மாட்டினா பக்கவாட்டுல எத்தனை ஸ்க்ரூன்னு எண்ணுங்க. மூணு இருந்தா அது 1973க்கு முன்னாடி வந்தது, டிரான்ஸ்ஃபர் பார் கிடையாது, ஹேமர் இறங்கியிருக்கும்போது அடிபட்டாலோ கீழ விழுந்தாலோ வெடிக்கலாம், அதனால ஹேமருக்கு நேர்ல இருக்கிற ஓட்டையைக் காலியாத்தான் வெக்கணும், ஆறுல அஞ்சுதான். ரூகர் கம்பெனிக்கு அனுப்பினா இலவசமாவே சேஃப்டி பாகத்தைப் போட்டுத் தர்றாங்க, ஆனா ஏற்கனவே யாராவது போட்டிருக்காங்களான்னு விக்கிறவர் கிட்ட கேளுங்க, தெரியாதுன்னா போடலைன்னே வெச்சுக்குங்க, அதுவரைக்கும் புதுசா சுடுறவங்க கையில அதைக் குடுக்காதீங்க.